குதிரையை வேறு லாயத்துக்கு மாற்றப் போகிறீர்களா?
காயல் துறைமுகத்தில் இறங்கிய குதிரைகள் சொல்லும் பாடம்

திருச்செந்தூரில் இருந்து தூத்துக்குடி போகும் சாலையில் காயல்பட்டினம், ஆறுமுகநேரி, ஆத்தூர் தாண்டினால் பழையகாயல் வரும். இன்று அது வாழையும் உப்பளமும் சூழ்ந்த சிற்றூர். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில்தான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய குதிரைச் சந்தை நடந்தது. அரபு நாட்டிலும் பாரசீகத்திலும் பிறந்த குதிரைகள் கப்பலில் வந்து இங்கே இறங்கின. பாண்டிய மன்னர்கள் பொன் கொடுத்து வாங்கினார்கள். வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஓராண்டுகூட உயிரோடு இருக்கவில்லை என்கிறது பழைய பயணக் குறிப்பு.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். தென்மாவட்டங்களில் ரேக்ளா பந்தயத்துக்காகவும், திருமண ஊர்வலத்துக்காகவும், பிள்ளைகளின் சவாரிக்காகவும் குதிரை வளர்ப்போர் இருக்கிறார்கள். வீட்டில் இடம் இல்லாதவர்கள் மாதக் கட்டணம் செலுத்தி லாயத்தில் விடுகிறார்கள். புதிதாக ஒரு லாயம் திறந்தால், "அங்கே ஓடு போட்ட கொட்டகை, பெரிய மைதானம், கட்டணமும் குறைவு. குதிரையைக் கொண்டுபோய் விட்டுவிடலாமா?" என்ற யோசனை வந்துவிடுகிறது. நீங்களும் அப்படி யோசிப்பவராக இருந்தால், லாரிக்குச் சொல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

காயலில் என்ன நடந்தது?

13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் பகுதிகளில் இருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் காயலைத் தொட்டன என்று எழுதியிருக்கிறார். அந்தக் காயல் இன்றைய பழையகாயல்தான் என்று 1870-களில் இங்கே அகழ்ந்து பார்த்த பாதிரியார் கால்டுவெல் கருதினார்.

மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவார், அவருடைய சகோதரர்களும் அதேபோல் வாங்குவார்கள், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சாது என்பது மார்க்கோ போலோவின் கணக்கு. இதற்கு அவர் சொல்லும் காரணங்கள் மூன்று. குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. லாடம் கட்டி வைத்தியமும் பார்ப்பவர் இல்லை. வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை அழைத்து வருவதும் இல்லை, வர விடுவதும் இல்லை. குதிரைக்குப் புல்லுக்குப் பதிலாக சோறும் சமைத்த இறைச்சியும் கொடுத்தார்கள்.

அதே காலத்தில் பாரசீகத்தில் இருந்து எழுதிய வசாஃப் என்ற வரலாற்று ஆசிரியர், ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் குறிப்பிடுகிறார். வழியில் குதிரை இறந்தாலும் அதற்கான தொகையை மன்னரின் கருவூலம் கொடுத்துவிட வேண்டுமாம். வந்த குதிரைகளை 40 நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டி, வறுத்த பார்லியும் நெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள் என்றும், பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல் திடீரென்று ஏறி விரட்டுவார்கள் என்றும் எழுதுகிறார்.

இருவருமே வெளிநாட்டவர்கள். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்லும் காரணங்களை இன்றைய கால்நடை மருத்துவத்தோடு ஒப்பிட்டால் அப்படியே பொருந்துகிறது. புல்லைக் குறைத்துத் தானியத்தைத் திடீரெனக் கூட்டினால் குதிரைக்கு வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் வரும். ஊட்டமான தீவனம் கொடுத்து, நாள்கணக்கில் கட்டிப்போட்டு, ஒரே நாளில் ஓட விட்டால் பின்னங்கால் தசை கல்லாக இறுகி, சிறுநீர் காபி நிறத்தில் போகும். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் பூட்டும் நாளில் வருவதால் இதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர் வைத்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குதிரை செத்தாலும் வணிகருக்குப் பணம் வந்துவிடும். செத்தால் இன்னொரு குதிரை விற்கும். குதிரை நன்றாக இருக்க வேண்டும் என்ற கவலை விற்றவருக்கு இல்லை. கவலைப்பட வேண்டிய மன்னருக்கோ விவரம் தெரியவில்லை. மாதக் கட்டணம் வாங்கும் லாயத்திலும் இதே நிலை வரலாம். அதனால் லாயத்தின் கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் குதிரைக்குத் தினமும் யார், எதை, எப்படிக் கொடுக்கப் போகிறார் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் காரணத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் "ஏன் மாற்றுகிறேன்?" என்று எழுதிப் பாருங்கள். இப்போதைய இடத்தில் குதிரை மெலிகிறது, அடிக்கடி வயிற்று வலி வருகிறது, குளம்பு அழுகுகிறது, தண்ணீர் சரியில்லை, பராமரிப்பவர் அடிக்கடி மாறுகிறார், உங்களைக் கேட்காமல் வாடகைச் சவாரிக்கு விடுகிறார்கள். இவை எல்லாம் மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள்.

கட்டணம் கொஞ்சம் குறைவு, கொட்டகை பார்க்க அழகு, நண்பரின் குதிரையும் அங்கே இருக்கிறது என்பவை மட்டும் என்றால் ஒரு மாதம் பொறுங்கள். குதிரைக்கு இடமாற்றம் சாதாரண விஷயம் அல்ல. பழகிய துணை, பழகிய ஆள், பழகிய தண்ணீர் மூன்றையும் ஒரே நாளில் இழக்கிறது. அந்த மன உளைச்சலிலேயே தீவனம் எடுக்காமல் போகும். இரைப்பைப் புண் வரும்.

காரணம் நியாயமானதுதான் என்றாலும், இப்போதைய லாயத்துக்காரரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்வதாலோ, தீவன நேரத்தை மாற்றுவதாலோ தீரக்கூடிய குறைக்காகக் குதிரையை லாரி ஏற்ற வேண்டியதில்லை.

சொல்லாமல் போய்ப் பாருங்கள்

புதிய லாயத்தை இரண்டு தடவை பாருங்கள். ஒரு முறை காலை 6 மணிக்கு, தீவனம் வைக்கும் நேரத்தில். இன்னொரு முறை உச்சி வெயிலில், 2 மணி வாக்கில். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் கூட்டிப் பெருக்கிய லாயத்தைத்தான் காட்டுவார்கள்.

ஏற்கெனவே அங்கே நிற்கும் குதிரைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விலா எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறதா? முடி மினுமினுப்பாக இருக்கிறதா? குளம்பு ஓரம் பிளந்து, வளர்ந்து முன்னால் நீண்டு கிடக்கிறதா? ஆளைக் கண்டதும் காதை முன்னால் நீட்டி வருகின்றனவா, மூலைக்கு ஒதுங்குகின்றனவா? தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்பது, மரச்சட்டத்தைக் கடித்துக் காற்றை விழுங்குவது ஆகியவை நாள் முழுக்க அடைத்து வைப்பதன் அடையாளங்கள்.

குளம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நடுச்சதையில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் தரை ஈரமாகவே கிடக்கிறது என்று அர்த்தம். லாடம் கட்டுபவர் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை வருகிறார் என்று கேளுங்கள். 6 முதல் 8 வாரத்துக்குள் குளம்பு சீவ வேண்டும். "தேவைப்படும்போது கூப்பிடுவோம்" என்ற பதில் போதாது. லாடம் கட்டுபவர் இல்லாத ஊரில் குதிரை நிலைக்காது என்பதைத்தான் காயலில் பார்த்தோம்.

மணலும் தண்ணீரும்

திருச்செந்தூர் வட்டாரத்துக்கென்று இரண்டு கேள்விகள் உண்டு. முதலாவது மணல். குதிரைமொழித் தேரியை ஒட்டிய ஊர்களிலும் கடற்கரையோரத்திலும் தரை முழுக்க மணல்தான். கால் வைக்க மெத்தென்று இருக்கும். ஆனால் புல்லைத் தரையில் போட்டால் ஒவ்வொரு வாயோடும் மணலும் உள்ளே போகும். அது பெருங்குடலில் படிந்து, மாதக்கணக்கில் சேர்ந்து, ஒரு நாள் கடுமையான வயிற்று வலியாக வெளிப்படும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்று வலி எதுவாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. தரையில் ஒட்டாத நடுப்பகுதி லத்தியில் ஐந்தாறு உருண்டைகளை எடுத்து, ஒளி ஊடுருவும் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் அந்த லாயத்தில் தீவனம் தரையில் விழுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். தொட்டியோ, கீழே ரப்பர் விரிப்போ இருக்க வேண்டும். ஏற்கெனவே மணல் சேர்ந்திருந்தால் இசப்கோல் உமி கொடுப்பது உண்டு. அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது தண்ணீர். கடல் ஓரத்திலேயே நல்ல தண்ணீர் சுரக்கும் நாழிக்கிணறு நம் ஊரில் இருக்கிறது. ஆனால் எல்லாக் கிணறும் நாழிக்கிணறு ஆகிவிடாது. கரையோரத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கிறது. ஒரு குதிரை நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும். கோடையிலும் வேலை நாளிலும் இன்னும் கூடும். உவர்ப்பு பிடிக்காமல் குடிப்பதைக் குறைத்தால் குடலில் லத்தி இறுகிக்கொள்ளும். ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்து பரிசோதனைக்குக் கொடுங்கள். அதைவிட எளிதாக, அந்தத் தண்ணீரை ஒரு கேனில் கொண்டுவந்து உங்கள் குதிரைக்கு வைத்துப் பாருங்கள்.

மழை வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலே ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. "அன்று இந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? மேட்டுக்கு ஓட்டிப் போக வழி எது?" என்று லாயத்துக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்.

தீவனக் கணக்கு

350 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர் எடையில் நாளைக்குச் சுமார் 7 கிலோ தீவனம் வேண்டும். அதில் குறைந்தது 5 கிலோ புல்லாக இருக்க வேண்டும். பச்சைப் புல் என்றால் 20 முதல் 25 கிலோ. ஊறவைத்த கொள்ளு, ஓட்ஸ், பார்லி எல்லாம் வேலைக்கு ஏற்ற கூடுதல்தான். ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. குதிரையின் இரைப்பை சிறியது. கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை தின்பதுதான் அதன் இயல்பு. இரவு 7 மணிக்கு வைத்துவிட்டு மறுநாள் காலைதான் அடுத்த தீவனம் என்றால் அந்த லாயம் வேண்டாம்.

கோதுமைத் தவிட்டை மட்டும் வாளி வாளியாகக் கொடுப்பதும் தவறு. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. நாளடைவில் எலும்பு வலுவிழந்து முகம் வீங்கும். கம்பு நேப்பியர், கொழுக்கட்டைப் புல் போன்றவற்றில் உள்ள ஆக்சலேட்டும் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போடும். கூடவே குதிரை மசாலும் தாது உப்பும் சேர்க்கிறார்களா என்று பாருங்கள்.

கோழிப் பண்ணையும் லாயமும் ஒரே இடத்தில் இருந்தால் தீவன மூட்டைகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து, கோழிக்குப் பாதுகாப்பான அளவிலேயே குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

இந்தத் தீவனத்துக்கும், லாடத்துக்கும், குடற்புழு மருந்துக்கும், ஆள் கூலிக்கும் மாதம் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். லாயத்தின் கட்டணம் அதைவிடக் குறைவாக இருந்தால், எதில் குறைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் புல்லில்தான் குறைப்பார்கள்.

நோய் இல்லாத இடமா?

வெளியில் இருந்து புதுக் குதிரை வந்தால் எங்கே கட்டுவீர்கள் என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டுவோம், வாளியும் தேய்ப்பானும் தனி என்று சொன்னால் நல்ல லாயம். "நேரே உள்ளே கட்டிவிடலாம்" என்றால் யோசியுங்கள். அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தை போன்ற பெரிய சந்தைகளில் பல ஊர்க் குதிரைகள் கலக்கின்றன. அங்கிருந்து வரும் குதிரை நல்லதாகவே இருந்தாலும் நோயைச் சுமந்து வரலாம். 2008-ல் ஜம்முவில் தொடங்கிய குதிரை இன்புளூயன்சா பல மாநிலங்களுக்குப் பரவியது இப்படித்தான்.

மூக்கில் புண்ணோடு கெட்டியான மஞ்சள் சளி, காலில் வரிசையாகக் கட்டி உள்ள குதிரை அங்கே இருந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். அது கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் 2009-ன்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் இது. ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் ரத்த மாதிரியைப் பரிசோதித்துச் சொல்கிறது.

மாற்றும் முன் உங்கள் குதிரைக்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதியையும் பாருங்கள். கால்நடைகளில் இந்த நோய்க்கு மிக எளிதில் பலியாவது குதிரைதான்.

மாற்றுவது என்று முடிவானால்

எழுத்து மூலம் ஒப்பந்தம் போடுங்கள். மாதக் கட்டணத்தில் எவை அடக்கம், நாளைக்கு எத்தனை கிலோ புல், நள்ளிரவில் வயிற்று வலி வந்தால் மருத்துவரை யார் அழைப்பது, செலவு யாருடையது, உங்கள் அனுமதி இல்லாமல் கடற்கரைச் சவாரிக்கோ ஊர்வலத்துக்கோ விடக் கூடாது என்பது எல்லாம் அதில் இருக்கட்டும்.

நாளையும் பார்த்து வையுங்கள். குலசை தசரா, கந்தசஷ்டி நாட்களில் கூட்டமும் வெடியும் மேளமும் புது இடத்துக் குதிரையை மிரள வைக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தையும் தவிர்ப்பது நல்லது.

பழைய லாயத்தின் புல்லும் தானியமும் இரண்டு வாரத்துக்குத் தேவையான அளவு உடன் கொண்டுபோங்கள். முதல் நாள் முழுக்கப் பழைய தீவனம். பிறகு நாளுக்கு நாள் புதியதைக் கூட்டி, 10 முதல் 14 நாளில் முழுதாக மாற்றுங்கள். தண்ணீரையும் ஒரு கேன் எடுத்துப் போய்க் கலந்து கொடுக்கலாம்.

ஏற்றும் முன் கால்நடை மருத்துவரிடம் பயணத் தகுதிச் சான்று வாங்குங்கள். விலங்குகள் போக்குவரத்து விதிகள் 1978 அதைக் கேட்கின்றன. அதிகாலையிலோ மாலையிலோ புறப்படுங்கள். வண்டியின் தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும். தலையை உயரத் தூக்கிக் கட்டக் கூடாது. தலையைத் தாழ்த்த முடியாத குதிரைக்கு நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் வரும். நீண்ட பயணமானால் 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

முதல் ஒரு மாதம்

இறங்கிய அன்றே சவாரி வேண்டாம். முதல் இரண்டு நாள் கையில் பிடித்து நடத்துங்கள். பிறகு சிறிது சிறிதாக வேலையைக் கூட்டுங்கள். வேலை இல்லாத நாளில் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். இன்னொரு குதிரை கண்ணில் படும்படி கட்டுங்கள். அதற்கு வழி இல்லையென்றால் ஓர் ஆடாவது பக்கத்தில் துணைக்கு இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் காய்ச்சல் பாருங்கள். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. லத்தி எத்தனை முறை போடுகிறது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதைச் சுவரில் ஓர் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். குஜராத், ராஜஸ்தான் போன்ற வறண்ட பகுதியில் இருந்து வந்த குதிரை என்றால் வியர்க்கிறதா என்று பாருங்கள். நம் கடற்கரைப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். வெயிலில் மூச்சு வாங்கியும் உடம்பு காய்ந்தே இருந்தால், நிழலில் கட்டித் தண்ணீர் ஊற்றி மருத்துவரை அழையுங்கள்.

தரையில் புரள்வது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, லத்தி போடாமல் இருப்பது தெரிந்தால் தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணில் அரசு கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. பெரிய சிகிச்சைக்கு நெல்லை ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதிய லாயத்தில் இருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

ஒரு மாதம் கழித்து, முதலில் காரணம் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். அந்தக் குறை தீர்ந்திருந்தால் மாற்றியது சரி. தீரவில்லை என்றால், குதிரை மெலிந்து நிற்கும் வரை காத்திருக்காமல் பேசுங்கள், அல்லது திரும்பக் கூட்டிவந்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு, "இருக்கும் இடமே பரவாயில்லை" என்று தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கொட்டகை பழசாக இருக்கலாம். ஆனால் உங்கள் குதிரையின் லத்தியைப் பார்த்தே உடம்பு சரியில்லை என்று சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இருந்தால், அவரை விட்டுவிட்டு வேறு இடம் தேட வேண்டாம். காயலில் குதிரை வாங்கிய மன்னர்களுக்குப் பொன்னுக்குப் பஞ்சம் இல்லை. அப்படி ஓர் ஆள்தான் கிடைக்கவில்லை.